இதயப் பம்புடன் வீடு திரும்பியவரும் இரத்தக் கசிவும்: கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் இதயப் பம்ப் (பலவீனமான இதயத்துக்கு உதவியாக இரத்தத்தைத் தள்ளும் இயந்திரம்) பொருத்திக்கொண்டு கொழும்புக்குத் திரும்பும் ஒருவரின் வீட்டாருக்கு ஆரம்ப நாட்கள் பாட்டரி மாற்றுவதிலும், வயிற்றிலிருந்து வெளியே வரும் பம்ப் வயரைச் சுற்றிய மருந்துக் கட்டை மாற்றுவதிலும் ஓடிவிடும். அவை கண்ணால் பார்த்துச் செய்கிற வேலைகள். கை சீக்கிரம் பழகிவிடும். பழகுவதற்குக் கடினமானது இரத்தக் கசிவைப் பற்றிய கவனம். பம்ப் வைத்தவர்கள் மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதற்கான முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று. பலருக்கு அது வலி இல்லாமல், சிவப்பு நிறம் காட்டாமல் வருகிறது. கருவிகள் கண்டுபிடிப்பதற்கு முன்பே கூட இருப்பவர் கண்டுபிடித்துவிடலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். என் அண்ணாவுக்கும் இந்தப் பம்ப் இருக்கிறது. பம்ப் பொருத்திய குழு உங்களுக்குத் தந்த அறிவுரை இங்கே உள்ள எதனுடனாவது முரண்பட்டால், அவர்கள் சொன்னதையே பின்பற்றுங்கள்.

ஏன் இவருக்கு இவ்வளவு எளிதில் கசிகிறது

காரணம் வார்பரின் என்ற மருந்து மட்டுமே என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. பம்பின் உள்ளே இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வார்பரின் தேவை; அது உறைவைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் பம்ப் தன்னளவிலும் இரத்தத்தை மாற்றுகிறது. காயம் பட்ட இடத்தில் குருதிச் சிறுதட்டுகளை ஒட்டவைக்கும் வான் வில்லபிரண்ட் காரணி என்ற புரதம், நீளமான நூல் சுருண்டு கிடப்பது போன்றது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் பம்பைக் கடக்கும்போது அந்தச் சுருள் இழுபட்டு விரிகிறது. விரிந்ததும் இரத்தத்தில் உள்ள நொதி ஒன்று அதை வெட்டிவிடுகிறது. ஒட்டவைக்கும் திறன் அதிகம் உள்ள நீளமான இழைகள் இப்படிக் குறைந்துபோகின்றன. பம்ப் வைத்த ஏறக்குறைய எல்லோரிடமும் இது ஓரளவுக்கு நடக்கிறது.

மூன்றாவது காரணம் குடலில் இருக்கிறது. இயல்பான இதயம் இரத்தத்தைத் துடிப்புத் துடிப்பாகத் தள்ளும். பம்ப் இடைவிடாமல் ஓடவிடும். துடிப்புக் குறையும்போது குடற்சுவரில் மெல்லிய, எளிதில் உடையும் இரத்தக் குழாய்கள் உருவாகின்றன. 1958 இல் எட்வர்ட் ஹைட் என்ற அமெரிக்க வைத்தியர், பெருநாடி வால்வு சுருங்கிய முதியவர்களுக்குக் காரணம் தெரியாத குடல் இரத்தக் கசிவு ஏற்படுவதைக் குறித்து எழுதினார். பம்ப் வைத்தவர்களிடம் இன்று காண்பதும் ஏறத்தாழ அதே கோளாறுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் தெளிவாகும். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் கசிவு வராது என்று இருந்துவிட முடியாது. இன்னொன்று, கசிவைக் கண்டு பயந்து வார்பரினை நீங்களாகவே நிறுத்தினால் பம்பிலோ மூளையிலோ இரத்தம் கட்டியாக உறையலாம். இரண்டு பக்கமும் ஆபத்து உள்ள இடம் இது. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்பதை முடிவு செய்வது குழுவின் வேலை. மாற்றத்தைக் கண்டு உடனே அவர்களுக்குச் சொல்வது வீட்டாரின் வேலை.

முதலில்: சென்னையை விட்டுப் புறப்படுமுன் எழுதி வாங்க வேண்டியவை

பம்பின் பெயர் என்ன? ஹார்ட்மேட் 3 என்றால் அதற்கான ஆய்வு முடிவுகள் வேறு. அதற்கு முந்திய ஹார்ட்மேட் 2, அல்லது 2021 இல் விற்பனை நிறுத்தப்பட்ட எச்வாட் என்றால் வேறு. ஐ.என்.ஆர். இலக்கு என்ன? பொதுவாக 2.0 முதல் 3.0 வரை சொல்வார்கள், ஆனால் முன்பு கசிந்தவருக்குக் குறைத்து வைக்கலாம். பம்பின் வழக்கமான வேகமும் ஓட்டமும் (நிமிடத்துக்கு அது தள்ளும் இரத்தத்தின் அளவு) எவ்வளவு? சராசரி இரத்த அழுத்தம் எதற்குக் கீழே இருக்க வேண்டும்? அஸ்பிரின் தேவையா?

கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். முன்பெல்லாம் பம்ப் வைத்த எல்லோருக்கும் வார்பரினுடன் அஸ்பிரினும் கொடுத்தார்கள். 2023 இல் வெளியான ஏரீஸ் என்ற ஆய்வில், ஹார்ட்மேட் 3 வைத்த 600க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு அஸ்பிரினும் மறுபாதிக்கு மருந்தில்லாத குளிசையும் தரப்பட்டன. அஸ்பிரின் இல்லாதவர்களுக்குப் பெரிய இரத்தக் கசிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கட்டி உறைவது அதிகரிக்கவில்லை. இது ஹார்ட்மேட் 3க்கு மட்டுமே பொருந்தும். இதயத்தில் அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர் போன்று வேறு காரணத்துக்காக அஸ்பிரின் தேவைப்படுபவரும் உண்டு. ஆகவே நீங்களாக நிறுத்த வேண்டாம். கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழுவின் இருபத்து நான்கு மணித்தியாலத் தொலைபேசி எண்ணையும் அதே தாளில் எழுதிவையுங்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மணிக்கூடு ஒன்றுதான். இங்கே இரவு இரண்டு மணி என்றால் அங்கும் இரண்டு மணி. அதற்காகத் தயங்கிக் காலைவரை காத்திருக்காதீர்கள். கொழும்பில் உங்களைப் பார்க்கப்போகும் இதய வைத்தியரின் பெயரையும் அவர்களிடம் கொடுத்து, இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள வழி செய்யுங்கள். இடையில் நாம் நின்று செய்தி கடத்தினால் எண்கள் மாறிப்போகும்.

வார்பரினை மாலையில் கொடுங்கள்

காலையில் இரத்தம் எடுத்தால் மாலைக்குள் அறிக்கை வரும்; அளவை மாற்ற வேண்டுமென்றால் அன்றைய குளிசையிலேயே மாற்றலாம். அதனால்தான் மாலை. ஆறு மணியோ எட்டு மணியோ, நேரம் மாறக் கூடாது. 1, 3, 5 மில்லிகிராம் என வெவ்வேறு அளவுகளில் குளிசை வருகிறது. நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். கம்பனி மாறினால் நிறமும் மாறலாம். அட்டையில் அச்சிட்டுள்ள எண்ணை வாசித்து எடுங்கள். மறந்துவிட்டு அன்றிரவே நினைவு வந்தால் கொடுக்கலாம். மறுநாள் நினைவு வந்தால், இரண்டு நாளுக்குரியதைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். குறிப்பேட்டில் எழுதிவிட்டு வழக்கமான அளவையே கொடுங்கள்.

அளவை மாற்றிய மறுநாளே ஐ.என்.ஆர். மாறாது. முழு விளைவு தெரியச் சில நாட்கள் ஆகும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சிறு கருவி வீட்டில் இருந்தால் மிகவும் உதவி. ஆனால் அதன் எண்ணை அவ்வப்போது ஆய்வுகூட அறிக்கையுடன் ஒப்பிட வேண்டும். இரத்தச்சோகை கடுமையாக இருக்கும்போது அது பிழை காட்டக்கூடும்.

மருந்துக் கடையில்தான் அதிகக் கவனம் தேவை

முழங்கால் நோவு, பல் நோவு, காய்ச்சல் என்றால் சீட்டில்லாமலே குளிசை வாங்கிப் பழகியவர்கள் நாம். டிஸ்பிரின், டைக்ளோபெனாக், ஐபுபுரோபென், மெபெனாமிக் அமிலம் ஆகிய எதையும் பம்ப் வைத்தவர் குழுவைக் கேட்காமல் தொடக் கூடாது. அவை வயிற்றுச் சுவரை அரிக்கும். சிறுதட்டுகளையும் செயலிழக்கச் செய்யும். நோவுக்கும் காய்ச்சலுக்கும் பரசிட்டமோல் தான். அதையும் முழு அளவில் பல நாட்கள் தொடர்ந்து எடுத்தால் ஐ.என்.ஆர். ஏறும், அப்படி எடுக்கும் கிழமையில் இரத்தம் சோதிக்க வேண்டும்.

அண்ணா கழுத்தில் பம்பைப் பற்றிச் சொல்லும் ஓர் அட்டை போட்டிருக்கிறார். வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கடையில் இடுப்பு நோவுக்குக் குளிசை கேட்டபோது, மருந்தாளர் ஒரு குளிசை அட்டையை எடுத்து வைத்துவிட்டு, "ஐயா, வேறு ஏதாவது குளிசை எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். அண்ணா கழுத்து அட்டையைத் திருப்பிக் காட்டினார். அவர் அதை இரண்டு முறை வாசித்தார். எடுத்து வைத்த குளிசை அட்டையைத் திரும்ப இழுப்பறைக்குள் போட்டார். அதன் பிறகு அந்தக் கடைக்குத்தான் போகிறோம். நீங்களும் ஒரே கடையைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களைத் தெரிந்த மருந்தாளர் நல்ல காவல்.

கிருமிகொல்லிகளிலும் சிக்கல் உண்டு. மெட்ரோனிடசோல், கோட்ரைமொக்சசோல், சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் புளுகொனசோல் ஆகியவை ஐ.என்.ஆர்.ஐ ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசபினும் அதை இறக்கிவிடும். புதிய மருந்து தொடங்கினாலும் சரி, பழையதை நிறுத்தினாலும் சரி, சில நாட்களுக்குள் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். இந்த ஒரு வழக்கம் பல கசிவுகளைத் தடுக்கும்.

தனியார் கிளினிக்கில் நோவுக்கு ஊசி போடலாமா என்று கேட்டால், தசையில் போடும் ஊசி வேண்டாம் என்று சொல்லுங்கள்; ஊசி போன இடத்தில் தசைக்குள்ளேயே இரத்தம் தேங்கக்கூடும். தடுப்பூசி வேறு விடயம். அது தேவை. முன்கூட்டிக் கேட்டு, மெல்லிய ஊசியால் போட்டு, சில நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம்.

தைலங்களையும் மறக்க வேண்டாம். மெதைல் சலிசிலேட் உள்ள நோவுத் தைலங்களைத் தாராளமாகப் பூசினால் அது தோல் வழியே உள்ளே சென்று வார்பரினின் வேகத்தைக் கூட்டும். தைலப் போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். எண்ணெய் போட்டு அழுத்தி உருவி விடுவதும் வேண்டாம்.

சாப்பாடு, கசாயம், விரதம்

கீரையை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொன்னாங்காணியிலும் வல்லாரையிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள வைட்டமின் கே வார்பரினுக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் தேவை ஒழுங்குதான். கிழமைக்கு மூன்று நாள் கீரை என்றால் எப்போதும் மூன்று நாள். திடீரென்று தினமும் இலைக்கஞ்சி குடிக்கத் தொடங்குவதும், திடீரென்று கீரையை முற்றாக விடுவதும்தான் எண்ணைக் குலைக்கின்றன.

கறிக்குப் போடும் மஞ்சளும் பூண்டும் இஞ்சியும் பிரச்சினை இல்லை. அவற்றையே குளிசையாகவும் சாறாகவும் அடர்த்தியாக எடுப்பது வேறு. நோயாளியைப் பார்க்க வரும் மாமி ஒருவர் போத்தலில் அடைத்த மூலிகைக் கசாயத்தை அன்போடு கொண்டுவருவார். முகம் கோணாமல் வாங்கி வையுங்கள், ஆனால் கொடுக்காதீர்கள். எதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்கு வார்பரின் அளவைப் பொருத்த எந்த வைத்தியராலும் முடியாது.

விரதத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி இருந்தால் வைட்டமின் கே குறைந்து ஐ.என்.ஆர். ஏறும், தண்ணீரும் குறைந்தால் பம்புக்குள் வரும் இரத்தம் குறைந்து எச்சரிக்கை ஒலி வரும். ஆடிவேல் காலத்தில் செடில் குத்துவதும், சவரக் கத்தியால் மொட்டை போடுவதும் இனி இல்லை. பக்தி உள்ளவரிடம் இதைக் கட்டளையாகச் சொல்லாதீர்கள். பால்குடம் எடுக்கவும், அர்ச்சனை செய்யவும், ஒரு நேர மரக்கறிச் சாப்பாட்டுடன் விரதம் இருக்கவும் வழி இருக்கிறது என்று பேசிப் பாருங்கள்.

தினமும் பார்க்க வேண்டியவை

காலையில் ஐந்து நிமிடம் போதும். பல் துலக்கிய பிறகு எச்சிலில் சிவப்பு இருக்கிறதா? தோலில் அடிபடாமலே கன்றிப்போன இடம் இருக்கிறதா? வயர் வெளியே வரும் துளையில் ஈரமோ இரத்தமோ உண்டா? கீழிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறக் கூடாது. பம்பின் ஓட்டத்தையும் வேகத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு நாளின் எண் தனியாக எதையும் சொல்லாது. முந்தைய பத்து நாட்களுக்குக் கீழே அதை எழுதிப் பார்க்கும்போதுதான் சரிவு தெரியும்.

மலத்தைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். குடலின் மேற்பகுதியில் கசிந்த இரத்தம் செரித்துக் கறுப்பாக வருகிறது. தார் போலப் பசையாக ஒட்டும்; சாதாரணத்தை விட மோசமான நாற்றம் இருக்கும். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கருமையாக்கும், ஆனால் அது அப்படி ஒட்டாது, அந்த நாற்றமும் இராது. சந்தேகம் வந்தால் "இரும்புக் குளிசையாக இருக்கும்" என்று நீங்களே முடிவு செய்யாமல் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அன்றே இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மலசலகூடத்தில் வெள்ளை விளக்குப் போடுவதும் பயன். மஞ்சள் விளக்கின் கீழே கறுப்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும்.

சிறுநீர் சிவந்தாலோ, பால் இல்லாத தேநீரின் நிறத்துக்கு வந்தாலோ, அது கசிவாகவும் இருக்கலாம், பம்பில் கட்டி உறைந்து சிவப்பணுக்கள் உடைவதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவம் நேரெதிர். நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், அழையுங்கள்.

அண்ணாவுக்கு வந்த முதல் கசிவை அண்ணி கண்டுபிடித்தது இந்தக் காலைப் பார்வையில்தான். வயிற்று வலி இல்லை, இரத்தம் எதுவும் தெரியவில்லை. படியேறி வந்தவர் வழக்கத்துக்கு மாறாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி அவரை ஜன்னலோரம் கூட்டிச் சென்று இமையை இழுத்துப் பார்த்தார். குறிப்பேட்டில் பம்பின் ஓட்டம் சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. அன்று எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் விழுந்திருந்தது, சிறுகுடலில் கசிவு. எச்சரிக்கை ஒலி அதுவரை வரவில்லை. ஹார்ட்மேட் 3இல் ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லீற்றருக்குக் கீழே போனால்தான் அது ஒலிக்கும்.

இரத்த அழுத்தம்

மூளையில் இரத்தம் கசிவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. உயர் அழுத்தம் அதற்கு வழி திறக்கிறது. பம்ப் வைத்தவருக்கு நாடி தெரியாமல் போகலாம். வீட்டில் உள்ள தானியங்கிக் கருவி அடிக்கடி தோற்றுப்போகும். இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டொப்ளர் கருவியால் அளக்கக் கற்றுத் தருவார்கள். பொதுவாகச் சராசரி அழுத்தம் 90க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். கருவாடு, ஊறுகாய், கடைகளில் வாங்கும் உப்பு மிகுந்த தின்பண்டங்கள் ஆகியவற்றைக் குறைப்பதும் கசிவுத் தடுப்பில் சேரும்.

டெங்கு

கொழும்பில் இருப்பவருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெங்கு குருதிச் சிறுதட்டுகளைக் குறைக்கும். வார்பரின் எடுப்பவருக்கு அது இரட்டை அடி. 2017 இல் இலங்கையில் 1,80,000க்கும் அதிகமானோர் டெங்குச் சந்தேகத்துடன் பதிவானார்கள். மேல் மாகாணம் எப்போதும் முன்னணியில் நிற்கிறது. பருவமழைக் காலங்களில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். பகலிலும் கொசு வலை போடுங்கள். காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள்வரை காத்திருக்கும் வழக்கத்தை விடுங்கள். முதல் நாளே இரத்தப் பரிசோதனையும் குழுவுக்கு அழைப்பும். வார்பரினை நிறுத்துவதா, எப்போது, எதன் பிறகு தொடர்வது என்பதை நாளுக்கு நாள் எண்ணிக்கையைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். காய்ச்சல் டெங்கு இல்லையென்று தெரிந்தாலும், வயர்த் துளையில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தத்தில் கிருமி பரவினால் பக்கவாதத்துக்கும் மூளைக் கசிவுக்கும் ஆபத்துக் கூடும்.

கசிந்தால் என்ன செய்வது

மூக்கில் வந்தால் உட்காரவைத்துத் தலையை முன்னால் சாயுங்கள். அண்ணாந்தால் இரத்தம் தொண்டைக்குள் போகும். மூக்கின் மென்மையான பகுதியைப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் விட்டுப் பார்க்கக் கூடாது. நிற்காவிட்டால் வைத்தியசாலை. வெட்டுக் காயத்துக்கும் அதே அழுத்தம்தான். சவரத்துக்கு மின் சவரக் கருவி வாங்கிக் கொடுங்கள்.

பல் பிடுங்குவதற்கு வார்பரினை நிறுத்திவிட்டு வரச் சொல்லும் பல் வைத்தியரும் இருக்கலாம். குழுவிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பல வேலைகளை, ஐ.என்.ஆர். இலக்குக்குள் இருக்கும்போது, தையல் போட்டும் பஞ்சால் அழுத்தியும் செய்ய முடியும்.

கறுப்பு மலம், இரத்த வாந்தி, தலைச்சுற்று, குறைந்த ஓட்ட எச்சரிக்கை ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே புறப்படுங்கள். தலையில் அடிபட்டால், காயம் இல்லாவிட்டாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் சி.டி. எடுக்க வேண்டும். திடீர்த் தலைவலி, வாய் கோணுவது, கை தளர்வது, பேச்சுக் குழறுவது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பம்ப் வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, அவசரத்தில் யாராவது மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வருபவர்கள் நாடியைத் தேடுவார்கள், கிடைக்காது. விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியும் பிழை காட்டலாம். அதனால் "இவருக்கு இதயப் பம்ப் இருக்கிறது, நாடி தெரியாதது இயல்பு, வார்பரின் எடுக்கிறார், எம்.ஆர்.ஐ. கூடாது, தசை ஊசி கூடாது" என்ற ஐந்து வரிகளையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, குழுவின் எண்ணுடன் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்கதவின் உட்புறம் தொங்கவிடுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். மாற்றுக் கட்டுப்பாட்டுக் கருவி, ஏற்றிய பாட்டரிகள், சார்ஜர், குறிப்பேடு ஆகியவை ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

வைத்தியசாலையில்

அங்கே இரண்டு விடயங்களை நீங்கள் நினைவூட்ட வேண்டும். ஒன்று, வார்பரினை முறியடிக்க வைட்டமின் கே கொடுக்குமுன் பம்ப் குழுவுடன் பேசச் சொல்லுங்கள். உயிராபத்து இல்லாத நேரத்தில் பெரிய அளவில் கொடுத்தால் பம்பில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. உயிராபத்து என்றால் அங்குள்ள வைத்தியர் செய்வதைச் செய்யட்டும். தொலைபேசிக்காகத் தாமதிக்கக் கூடாது. மற்றது, இவர் மாற்று இதயத்துக்காகக் காத்திருப்பவர் என்றால் இரத்தம் ஏற்றுமுன் அதைச் சொல்லுங்கள். பிறருடைய இரத்தத்தின் வெள்ளணுக்கள் உடலில் எதிர்ப்பொருட்களை உருவாக்கினால், பின்னர் பொருந்தும் இதயம் கிடைப்பது கடினமாகும். வெள்ளணு நீக்கிய இரத்தத்தைக் கேட்கலாம். உறவினர்கள் தானம் தர முண்டியடிக்க வேண்டியதில்லை. இலங்கையில் தேசிய இரத்த மாற்றுச் சேவை தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே இரத்தம் பெறுகிறது. உதவ விரும்பும் பிள்ளைகளை வேறொரு நாளில் நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த நிலையத்துக்கு அனுப்புங்கள்.

வழக்கமான கமராக் குழாய்ச் சோதனைகளில் எதுவும் தெரியாமல் போவதும் உண்டு. சிறுகுடலின் நடுப்பகுதிக்கு அந்தக் குழாய்கள் எட்டாது. விழுங்கும் கமராக் குளிசை தேவையா என்று கேளுங்கள். குடலில் கசிந்தவருக்கு மறுபடியும் கசிவது அடிக்கடி நடக்கிறது. அதனால் வீடு திரும்பும்போது வார்பரின் எந்தத் திகதியில், எந்த அளவில் தொடங்குகிறது, புதிய ஐ.என்.ஆர். இலக்கு என்ன, அஸ்பிரின் இனி உண்டா இல்லையா, அடுத்த ஹீமோகுளோபின் பரிசோதனை எப்போது என்பவற்றை எழுத்தில் வாங்காமல் விடுதியை விட்டுப் புறப்படாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்துச் சென்னைக் குழுவுக்கு அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு முதல் குளிசையைக் கொடுங்கள்.